மே ஏழா, ஜூலை ஐந்தா

போன மாதம் எங்கள் பழைய கிளையிலிருந்து ஆதிரா என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்த அதிகாரி. நேரில் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் வரிக் காரியத்துக்காகப் பத்து வருடத்துக்கு முந்தைய திர்ஹம் விலை கேட்டு வந்திருக்கிறார். அவள் இணையத்தில் பார்த்தாளாம், அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டதாம்.

"ஆனா மேடம், நம்ம கிளையில மட்டும் நெட்ல எடுத்து சர்ட்டிபிகேட் கொடுக்கக் கூடாதுன்னு ஒரு தாள் ஒட்டி வச்சிருக்கு. கீழே உங்க கையெழுத்து உண்டு. எதுக்குன்னு யாருக்கும் தெரியல."

எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். போனில் சொல்கிற விஷயம் அல்ல அது.

நான் தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரி. அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். பட்டப்படிப்பு முடித்த அடுத்த வருடமே வங்கியில் வேலை கிடைத்தது. கொச்சியில் மூன்று வாரப் பயிற்சி, இரண்டு ஊர்களில் கொஞ்ச காலம், பிறகு நெய்யாற்றின்கரை. அங்கே அந்நியச் செலாவணி மேஜை காலியாகக் கிடந்தது. வேறு யாரும் அதற்கு ஆசைப்படவில்லை. புதிதாக வந்தவள் தலையில் கட்டினார்கள். அப்படி உட்கார்ந்தவள் ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அங்கேதான் இருந்தேன்.

வேலை இதுதான். ஒவ்வொரு நாளும் காலையில் கொச்சியிலிருந்து விலை வரும். ரியாலுக்கு இன்ன ரூபாய், தினாருக்கு இன்ன ரூபாய். அதிலும் ஒரே விலை கிடையாது. வெளிநாட்டிலிருந்து தந்தி வழியாக வரும் பணத்தை நாங்கள் வாங்கும் விலை ஒன்று, நாங்கள் அனுப்பும்போது விற்கும் விலை ஒன்று, கையில் கொண்டுவரும் நோட்டுக்கு வேறொன்று. எல்லாவற்றையும் பெரிய ரிஜிஸ்டரில் தேதி போட்டு எழுத வேண்டும். முதலில் விலை தொலைபேசியில்தான் வந்தது. மழைக்காலத்தில் லைன் இரையும். அந்தப் பக்கம் மலையாளத்தில் சொல்வது எழுபதா இருபதா என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்வேன். ஏழு, பூஜ்யம், புள்ளி, நான்கு, ஐந்து. அந்தப் பக்கம் "சரி" என்று சொன்ன பிறகுதான் பேனா தாளைத் தொடும்.

குவைத்துக்குள் இராக் படை புகுந்த ஆண்டு நான் வேலைக்குப் புதிது. அன்று காலை குவைத் தினாருக்கு விலை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ரிஜிஸ்டரில் அந்தப் பத்தியில் ஒரு கோடு போட்டேன். அதன்பின் நாள்தோறும் கோடு. காஞ்சிரங்குளத்திலிருந்து தாசையன் என்று ஒருவர் வருவார். குவைத்தில் பதினொரு வருடம் லாரி ஓட்டியவர், உடுத்த துணியோடு தப்பி வந்தவர். பாஸ்போர்ட் உறைக்குள் தினார் நோட்டுகளை வைத்திருப்பார்.

"இன்னைக்கு ரேட் உண்டா மேடம்?"

"இல்ல அண்ணா."

"போன மாசம் வரைக்கும் இருந்த விலை எங்க போச்சு?"

கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நோட்டுகளை உறைக்குள் திருப்பிச் செருகிக்கொண்டு போவார். சண்டை முடிந்தபின் அவர் நோட்டுகளில் சில மாறின, சில மாறவே இல்லை. ஒரு நாட்டின் பணத்துக்கு இன்னொரு நாட்டில் விலை இருப்பது காற்று போல எப்போதும் இருக்கும் ஒன்றல்ல என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த ரிஜிஸ்டர் மேல் எனக்கொரு பயம் வந்ததும் அப்போதுதான். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, புள்ளியைச் சரியான இடத்தில் வைத்தேனா என்று யோசிப்பேன். சில நாள் அமரவிளையில் இறங்கி எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பப் போய்ப் பார்த்ததுண்டு.

பிறகு தொலைபேசி போய் பேக்ஸ் வந்தது. பேக்ஸ் போய் கம்ப்யூட்டர் வந்தது. ரிஜிஸ்டர் எழுத வேண்டாம், தினமும் வரும் விலைத்தாளை அச்செடுத்துக் கோப்பில் போட்டால் போதும் என்று உத்தரவு. என் பயம் பாதி இறங்கியது. இறங்கியிருக்கக் கூடாது.

இனி சுகுமாரன் நாயர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் அப்போது எங்கள் மேனேஜர். திருவனந்தபுரத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். அவ்வளவுதான். அறையே அடங்கிவிடும். எந்தத் தாளையும் உட்கார்ந்து கையெழுத்துப் போடமாட்டார்; எழுந்து நின்று, முழுவதும் வாசித்து, நின்றபடியே போடுவார். சான்றிதழ் என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. எழுதிய ஆள் மூலத் தாளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சார் சான்றிதழைப் பார்த்து உரக்க வாசிப்பார். தேதி, நாணயம், விலை. ஒவ்வொன்றுக்கும் நாம் "உண்டு சார்" என்று சொல்ல வேண்டும். ஒரு "உண்டு" தாமதித்தால்கூட முதலிலிருந்து தொடங்குவார். என்னிடம் தமிழில் பேசுவார், பதற்றம் வந்தால் மலையாளத்துக்கு மாறிவிடுவார்.

ரூபாய் விலை சரிந்த அந்த ஆண்டு எல்லாருக்கும் நினைவிருக்கும். கோடையில் ஒரு விலை, ஆடி மாதத்தில் ஒரு விலை. கல்ஃபில் ஆள் உள்ள வீடுகளில் சந்தோஷம். பணம் அனுப்புவதை நாள் பார்த்துத் தள்ளிப் போட்டார்கள். எங்கள் கவுண்டரில் தினமும் ஒரே கேள்வி, "இன்னும் ஏறுமா?"

அதற்கு அடுத்த ஆண்டுதான் ஸ்டெல்லா ஒரு சான்றிதழ் கேட்டு வந்தாள்.

ஸ்டெல்லாவை எனக்குப் பல வருடப் பழக்கம். காரக்கோணம் பக்கம் வீடு. கணவன் செல்வராஜ் மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மாதாமாதம் அவன் அனுப்பும் ரியாலுக்கு ரூபாய் எடுக்க வருவாள். சிரித்த முகம். விடுமுறைக்கு வந்த செல்வராஜை ஒரு லாரி இடித்துப் போட்டது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருந்தார்கள். அவன் சம்பளம் ரியாலில். அதை ரூபாயாக்கித்தான் இழப்பீடு கணக்கிடுவார்கள். மனுக் கொடுத்த நாளில் ரியாலுக்கு என்ன விலை என்று வங்கிச் சான்றிதழ் வேண்டும். மனுக் கொடுத்தது முந்தைய ஆண்டு மே மாதம் ஏழாம் தேதி. ரூபாய் சரிவதற்கு முன்.

"அக்கா, நாளைக்குள்ள கொடுக்கணும்னு வக்கீல் சொல்லுதாரு. இன்னைக்கே கிடைக்குமா?" என்று நின்றாள்.

அந்த வாரம் கிளைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். விலைத்தாள் கோப்புகள் எல்லாம் கட்டுக் கட்டாக மாடி அறையில் கிடந்தன. கம்ப்யூட்டரில் மென்பொருள் மாறியிருந்ததால் முந்தைய ஆண்டுக் கணக்குத் திறக்கவில்லை. கொச்சிக்குக் கேட்டால் ஒரு வாரம் ஆகும். என்னோடு இருந்த ஷிஜு என்ற பையன், பையன் என்றால் முப்பது வயது எழுத்தர், "மேடம், பழைய ரேட்டெல்லாம் இருக்குற ஒரு சைட் உண்டு" என்றான். எடுத்து அச்சடித்துக் கொடுத்தான். 07/05 என்று இருந்தது. ஆண்டும் சரி. எதிரே ஓமன் ரியாலின் விலை.

எண்ணைப் பார்த்தபோது கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், தோன்றியது. ஆனால் அந்த ஆண்டு முழுக்க விலை ஏறிக்கொண்டே இருந்தது, எந்த மாதம் எவ்வளவு என்று மனதில் நிற்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா நின்றாள்.

சுகுமாரன் சார் எழுந்து நின்றார். நான் அச்சடித்த தாளைப் பிடித்தேன்.

"ஏழு, அஞ்சு."

"உண்டு சார்."

"ஓமன் ரியால்."

"உண்டு சார்."

விலையை இலக்கம் இலக்கமாக வாசித்தார். எல்லாவற்றுக்கும் உண்டு, உண்டு என்றேன். சான்றிதழில் தேதியை மே ஏழு என்று எழுத்திலும் எழுதி நானும் அவரும் கையெழுத்திட்டோம். ஸ்டெல்லா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

நான்கு மாதம் கழித்து எனக்குச் சம்மன் வந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் சான்றிதழை ஏற்க மறுத்திருக்கிறார். எழுதியவர் மூலப் பதிவோடு நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். எட்டு நாள் இருந்தது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் மாடி அறைக்குப் போய் மே மாதக் கட்டைத் தேடி எடுத்தேன். ஏழாம் தேதித் தாள். ஓமன் ரியால் வரிசையில் விரலை வைத்தேன். சான்றிதழில் நான் எழுதிய விலை அங்கே இல்லை. அதைவிடப் பதினாறு ரூபாய் கிட்டக் குறைவு. ஒரு ரியாலுக்கு.

முதலில் தாள்தான் தவறு என்று நினைத்தேன். எட்டாம் தேதியைப் பார்த்தேன், ஆறாம் தேதியைப் பார்த்தேன். எல்லாம் அதே அளவில்தான் இருந்தன. பிறகு ஏதோ தோன்றி ஜூலைக் கட்டைப் பிரித்தேன். ஜூலை ஐந்து. கிட்டத்தட்ட நாங்கள் எழுதிக் கொடுத்த விலை.

அந்த இணையப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுடையது. அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், நாளைப் பிறகு. 07/05 என்றால் அவர்களுக்கு ஜூலை ஐந்து. நாங்கள் மே ஏழு என்று வாசித்தோம். சாரின் முறைப்படி எல்லாம் ஒத்துப்பார்த்தோம். ஒத்துப்பார்த்த தாளே வேறு நாளுடையது.

இரண்டு தாளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஷிஜு மேலே வந்து பார்த்து, தாளைப் பார்த்து, முகம் வெளுத்து நின்றான்.

சாரிடம் இரண்டு தாளையும் கொண்டு வைத்தேன். அவர் எழுந்து நின்று வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு சன்னல் பக்கம் போய் நின்றார். அவருக்கு ஓய்வு பெற ஏழு மாதம்தான் இருந்தது.

"லீலே," என்று என்னைக் கூப்பிட்டார், "விலை கூடிப்போயிடுச்சு. குறைஞ்சிருந்தா அந்தக் குடும்பமே நம்ம பேர்ல கேஸ் போடும். கூடினதுக்கு யாரு சண்டைக்கு வருவா?"

"அதனால சொல்லாம இருக்கலாமா சார்?"

"ஞான் அங்கனெ பறஞ்ஞில்ல." நான் அப்படிச் சொல்லவில்லை என்று மலையாளத்துக்கு மாறிவிட்டார். பிறகு மெதுவாகத் தமிழில் சொன்னார். "மேலே எழுதிக் கேட்கிறேன். பதில் வரும்வரை யாரிடமும் பேச வேண்டாம்."

அன்றே எழுதினார். பதில் வரவில்லை. நான்காம் நாள் போன் செய்தார், சட்டப் பிரிவில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். ஆறாம் நாளும் அதே பதில்.

அந்த எட்டு நாளும் நான் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் போதகர் பிரசங்கித்தது ஒரு சொல்கூட ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பதினாறு ரூபாயை அவன் சம்பளத்தால் பெருக்கிக்கொண்டிருந்தேன். அதைப் பன்னிரண்டு மாதத்தால். அதை வருடங்களால். பெருக்கப் பெருக்க அது லட்சங்களில் போய் நின்றது. அந்த லட்சங்கள் செல்வராஜின் கையிலிருந்து போகும். பிடுங்குகிறவள் நான்.

திங்கட்கிழமை பாறசாலை பஸ் நிறுத்தத்தில் ஸ்டெல்லாவே எதிரே வந்தாள். கையில் மருந்துப் பை.

"அக்கா, நீங்க சாட்சி சொல்ல வாறியளாமே! வக்கீல் சொன்னாரு. எனக்குப் பாதிப் பேடி போச்சு, இனி அவ்வளவு பயமில்ல, கேட்டியளா?"

"அவரு எப்படி இருக்காரு?"

"படுத்தபடிதான். முதுகுல புண்ணு. வீட்டுப் பின்பக்கம் சக்கர நாற்காலி போற மாதிரி ஒரு ரூமும் குளிக்க ஒரு குளிமுறியும் கெட்டணும்னு கொத்தனாருகிட்ட சொல்லியிருக்கேன். காசு வந்த உடனே தொடங்கணுமாக்கும்."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "ஸ்டெல்லா..." என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "பஸ் வந்துட்டு" என்று சொல்லி ஏறிவிட்டேன். அது நான் போக வேண்டிய பஸ்கூட இல்லை.

சாட்சி சொல்லும் நாள் காலையில் தீர்ப்பாயத்தின் வராந்தாவில் ஸ்டெல்லாவின் வக்கீலைத் தனியாக அழைத்துச் சொன்னேன். இளைஞர். கேட்டு முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"மேடம், நான் கையெழுத்து உங்களுடையதா என்று மட்டும்தான் கேட்பேன். வேறு எதுவும் கேட்கமாட்டேன். கேட்டதுக்குப் பதில் சொன்னால் போதும். நீங்களாக எதையும் சொல்ல வேண்டியதில்லை."

உள்ளே போனேன். கோப்பை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன். பின்வரிசையில் சுகுமாரன் சார் உட்கார்ந்திருந்தார். வருவேன் என்று அவர் சொல்லவில்லை. அவருக்குச் சம்மனும் இல்லை. ஸ்டெல்லா முன்வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்தேன். ஸ்டெல்லாவின் வக்கீல் சான்றிதழைக் காட்டி, கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

காப்பீட்டு வக்கீல் எழுந்தார். நரைத்த மீசை. அவசரமில்லாத ஆள். தன் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி, இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு என் பக்கம் நடந்து வந்தார். அவர் வாய் திறக்கும் முன் நான் நீதிபதியின் பக்கம் திரும்பிவிட்டேன்.

"ஐயா, நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சான்றிதழில் உள்ள விலை தவறு. மே ஏழாம் தேதி விலை அது அல்ல. நான்தான் தேதியை மாற்றி வாசித்தேன். சரியான விலை உள்ள தாள் இதோ."

மலையாளத்தில்தான் சொன்னேன். நீதிபதி பேனாவை வைத்தார். தாளை வாங்கிப் பார்த்தார். எப்படித் தவறு நேர்ந்தது என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். வெள்ளையடித்தது, இணையப் பக்கம், மாதம் முதலில், நாள் பிறகு. ஷிஜுவின் பெயரைச் சொல்லவில்லை. எடுத்தது யாராக இருந்தாலும், சரி என்று கையெழுத்திட்டவள் நான்.

சொல்லி முடித்தபோது காப்பீட்டு வக்கீலைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த தாள் எனக்குத் தெரிந்தது. வேறொரு வங்கியின் சான்றிதழ். மே ஏழாம் தேதி ரியால் விலை. சரியான விலை. அவர் அதை மெதுவாகக் கோப்புக்குள் திருப்பி வைத்தார்.

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என் வாயால் "விலை சரிதான்" என்று சொல்ல வைத்துவிட்டு, பிறகு அந்தத் தாளைக் காட்டியிருப்பார். இந்தச் சான்றிதழே பொய், பணம் வந்ததாகச் சொல்லும் வங்கிக் கணக்கும் பொய், மஸ்கட் சம்பளமே பொய் என்று வாதாடியிருப்பார். அப்போது உள்ளூர்க் கூலிக்குத்தான் இழப்பீடு நின்றிருக்கும். இதையெல்லாம் பிறகு ஸ்டெல்லாவின் வக்கீலே என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் மாதாமாதம் பணம் வந்த விவரங்களைக் கேட்டார், கோப்பைப் பார்த்துச் சொன்னேன். எதிர்த் தரப்பு அதில் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்தேன். ஸ்டெல்லா வராந்தாத் தூணருகே நின்றாள்.

"உங்களுக்கு நாங்க என்ன செய்தோம் அக்கா?" என்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வங்கி எனக்கு மெமோ கொடுத்தது. விளக்கம் எழுதினேன். சுகுமாரன் சார் அதை வாசித்துவிட்டு, தனியாக ஒரு கடிதம் எழுதி என் விளக்கத்தோடு சேர்த்து ஊசி குத்தினார். சான்றிதழில் கையெழுத்து இரண்டு உண்டு, விளக்கமும் இரண்டு பேரும் தர வேண்டும் என்று அதில் இருந்தது. இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஓய்வு பெறும் ஆண்டில் அவருடைய கோப்பில் ஏறிய ஒரே கறுப்புத் தாள் அது. அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை. நெட்டிலிருந்து விலை எடுக்கக் கூடாது, மாதத்தை எண்ணாகப் படிக்கக் கூடாது, மூலத் தாள் இல்லாமல் கையெழுத்துக் கிடையாது என்று நான் எழுதி ஒட்டியது அந்த வாரம்தான். ஆதிரா, நீ பார்த்த தாள் அது.

தீர்ப்பு மே மாத விலைக்கே வந்தது. மஸ்கட் சம்பளத்தை முழுதாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். என் சான்றிதழ் விலையில் கிடைத்திருக்க வேண்டியதைவிடக் குறைவுதான்.

கொஞ்ச நாள் கழித்து காரக்கோணத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போக வேண்டாம் என்று கால் பின்னுக்கு இழுத்தது. போனேன். பின்பக்கம் அறை கட்டியிருந்தார்கள். குளியலறை இன்னும் பாதியில் நின்றது. செல்வராஜ் கட்டிலில் சாய்ந்திருந்தான். "வாங்க மேடம்" என்று அவன்தான் கூப்பிட்டான். ஸ்டெல்லா சாயா கொண்டு வைத்தாள். எதிரே உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வக்கீல் எல்லாம் சொன்னாரு," என்றாள் கொஞ்சம் கழித்து. "நீங்க சொன்னதுனாலதான் கேஸ் தோக்காம நின்னுதாம்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா? அந்த எதிர் வக்கீலு கையில பேப்பர் உண்டுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"அவரு கையில அப்படி ஒரு பேப்பர் இல்லாம இருந்தா?"

"அப்பவும் சொல்லியிருப்பேன் ஸ்டெல்லா."

"அப்ப எங்களுக்கு அந்தப் பைசா சும்மா போயிருக்கும்."

"ஆமா. போயிருக்கும்."

செல்வராஜ் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் டம்ளரை எடுக்கவில்லை. பிறகு அவள் கதவை விட்டு வந்து எனக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சாயா ஆறுது அக்கா," என்றாள். "குடியுங்க."